ஹவாசாவில் நாலரை வருடம்: ஷெட் இருந்தது, அட்டைப்பெட்டி இல்லை

திருப்பூரில் பதினாறு வருடம் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, 2017 ஆகஸ்டில் எத்தியோப்பியாவின் ஹவாசா என்ற ஊருக்கு புரொடக்‌ஷன் மேனேஜராகப் போனேன். 2022 மார்ச்சில் திரும்பி வந்தேன். இன்றைக்கும் மாதத்துக்கு இரண்டு பேராவது போன் போட்டு, "அண்ணா, ஆப்பிரிக்காவுல யூனிட் போடலாங்களா, கவர்ன்மென்ட் எல்லாமே ஃப்ரீயா குடுக்குதாமே" என்று கேட்கிறார்கள். இளவட்டப் பையன்கள் வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசுவதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் போன சமயத்தில் எத்தியோப்பியா என்றால் எல்லோருக்கும் ஒரு பிரமிப்பு. பத்து வருடத்துக்கும் மேலாக வருடத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டிய வளர்ச்சி என்று அரசாங்கக் கணக்கு சொன்னது. பத்து கோடி ஜனத்தொகை, ஆப்பிரிக்காவில் நைஜீரியாவுக்கு அடுத்த பெரிய நாடு. தலைநகர் அடிஸ் அபாபாவில் எங்கே திரும்பினாலும் கிரேன், சாரம், பாதி எழும்பிய கட்டடம். ஜிபூட்டி துறைமுகம் வரை சுமார் 750 கிலோமீட்டருக்கு மின்சார ரயில் பாதை போட்டிருந்தார்கள். நீல நைலில் பெரிய அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அணைக்கு வெளிநாட்டு வங்கிகள் கடன் கொடுக்கவில்லை என்பதால் அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கு அரசின் கடன் பத்திரம் வாங்கிப் பணம் கொடுத்தார்கள். டீக்கடையில் நின்றால்கூட அணையைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். இவ்வளவு ஏழை நாடு தன் ஜனங்களின் காசைச் சேர்த்து ஓர் அணையைக் கட்டுவது சாதாரண விஷயம் கிடையாது.

ஹவாசா இண்டஸ்ட்ரியல் பார்க் அந்தக் கனவின் முகப்பு மாதிரி. சீனக் கம்பெனி ஒன்பது மாதத்தில் கட்டிக் கொடுத்தது, 2016 ஜூலையில் திறந்தார்கள். 52 ஷெட், எல்லாம் வரிசையாக, ஒரே அளவில், உள்ளே போனால் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். கஸ்டம்ஸ், பேங்க், முதலீட்டு கமிஷன், எல்லா ஆபீசும் பார்க்குக்குள்ளேயே. வருமான வரி வருடக்கணக்கில் கிடையாது, மெஷினுக்கும் துணிக்கும் இறக்குமதி வரி கிடையாது, கரண்ட் யூனிட் விலை நம்ம ஊரை விட மிகவும் குறைவு. சாயத் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையமும் அங்கே இருந்தது, அதை அமைத்தது ஓர் இந்திய நிறுவனம். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் திருப்பூர் சாய ஆலைகள் மொத்தமாகப் பூட்டப்பட்டபோது வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தவன் நான். நொய்யல் எந்த நிறத்தில் ஓடியது என்று பார்த்தவன். அந்தப் பிளான்ட்டின் முன்னால் நின்று, நாம் முப்பது வருடம் கழித்துச் செய்ததை இவர்கள் முதல் நாளே செய்துவிட்டார்களே என்று மனசு நிறைந்துபோனது. ஊர் வேறு ஏற்காடு மாதிரி குளிர்ச்சி, பக்கத்திலேயே ஏரி. ரோட்டில் ஓடுகிற ஆட்டோவுக்கு அங்கே பேரே பஜாஜ். "பஜாஜ்!" என்று கை தட்டினால் நிற்கும்.

இவ்வளவும் உண்மை. இதைப் பார்த்துத்தான் பெரிய பெரிய பிராண்டுகள் வந்தன. கால்வின் க்ளைன், டாமி ஹில்ஃபிகர் பிராண்டுகளை வைத்திருக்கும் பிவிஹெச் நிறுவனமே முன்னால் நின்று தன் சப்ளையர்களை அழைத்து வந்தது. அந்தப் பார்க்கில் அறுபதாயிரம் பேருக்கு வேலை என்பது அரசின் இலக்கு.

இனி அட்டைப்பெட்டிக்கு வருகிறேன்.

2018 தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு டி-ஷர்ட் ஆர்டர். தைத்து, செக் பண்ணி, அயர்ன் பண்ணி, பாலி பேக்கில் போட்டு, பேக்கிங் டேபிளில் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. பெட்டி வரவில்லை. அடிஸில் ஒரு உள்ளூர்க்காரரிடம் கார்ட்டன் ஆர்டர் கொடுத்திருந்தோம். போன் செய்தால் "நாளை" என்கிறார், மறுநாளும் "நாளை" என்கிறார். நம்ம ஊர் ஆளாக இருந்தால் நாலு வார்த்தை சத்தமாகப் பேசி, வேறு ஒருவருக்கு போன் போட்டால் மதியத்துக்குள் டாடா ஏஸில் பெட்டி வந்து இறங்கிவிடும். சரி, நேரில் போவோம் என்று 270 கிலோமீட்டர் காரில் போனேன்.

மனிதர் ஒளிந்துகொள்ளவில்லை. என்னை ஆலைக்குள் அழைத்துப் போனார். நல்ல மெஷின்கள் இரண்டு. ஒன்றின் மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. பத்துப் பதினைந்து பேர் வேலையில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸில் உட்காரவைத்து காபி கொடுத்துவிட்டு, ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார். பேப்பர் ரோல் இறக்குமதி செய்ய டாலர் கேட்டு பேங்கில் கொடுத்த விண்ணப்பம். கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு மாதமும் பேங்குக்குப் போய் வந்த தேதியை ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்திருந்தார், எத்தியோப்பியக் காலண்டர் தேதிகள், பதினெட்டோ இருபதோ இருக்கும். கடைசியில் இரண்டே வார்த்தை சொன்னார்: "டாலர் யெல்லெம்." யெல்லெம் என்றால் இல்லை. ஹவாசாவில் அந்த நாலரை வருடத்தில் நான் அதிகம் கேட்ட அம்ஹாரிக் வார்த்தை அதுதான். அதற்கடுத்தது வெரெஃபா, அதாவது வரிசை.

அந்த ஷிப்மென்ட் ஒருவழியாக வேறு இடத்திலிருந்து பெட்டி தேற்றி, ஏர் ஷிப்மென்ட்டாகப் போனது. அந்த ஆர்டரில் சம்பாதித்தது விமானக் கூலிக்கே சரியாகப் போனது. அடுத்த மாதத்திலிருந்து இந்தியாவிலிருந்தே அட்டைப்பெட்டியை மடித்துக் கட்டி, மும்பையிலிருந்து ஜிபூட்டிக்குக் கப்பலில், அங்கிருந்து லாரியில் என்று வரவழைக்க ஆரம்பித்தோம். எங்களால் அது முடிந்தது, ஏனென்றால் தாய்க் கம்பெனி வெளியிலிருந்து பணம் கட்டிவிடும், இறக்குமதி வரியும் கிடையாது. அந்த உள்ளூர்க்காரரால் முடியாது. அவர் வரிசையில் நிற்க வேண்டும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டு ஆலை வந்தால் அதைச் சுற்றி உள்ளூரில் பட்டன் செய்பவர், லேபிள் அடிப்பவர், பெட்டி செய்பவர், ஊசி விற்பவர் என்று நூறு பேர் பிழைப்பார்கள், அப்படியே அவர்கள் வளர்ந்து நாளை சொந்தமாக எக்ஸ்போர்ட் செய்வார்கள் என்பதுதான் அரசின் திட்டமே. திருப்பூர் அப்படித்தான் வளர்ந்தது. கட்டிங் மாஸ்டராக இருந்தவர் நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து, பத்து வருடத்தில் எக்ஸ்போர்ட்டர் ஆன கதை எங்கள் தெருவிலேயே மூன்று உண்டு. ஆனால் ஹவாசாவில் வெளியிலிருந்து வந்தவனுக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது, உள்ளூர்க்காரனுக்கு பேங்க் வாசலே மூடியிருந்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் அப்படிச் செய்யவில்லை. எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு சட்டம், உள்ளூர் வியாபாரத்துக்கு ஒரு சட்டம் என்று தனித்தனியாகப் போட்டார்கள், இரண்டும் ஒரு அட்டைப்பெட்டியில் வந்து முட்டிக்கொண்டன.

டாலர் ஏன் இல்லை என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நான் போன சமயத்தில் அந்த நாடு வருடத்துக்குச் சுமார் 300 கோடி டாலருக்குப் பொருள் ஏற்றுமதி செய்தது, இறக்குமதியோ 1,500 கோடிக்கு மேல். வித்தியாசத்தை வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணம், உதவி, கடன் இவற்றால் அடைக்க வேண்டும். வருகிற டாலரை ரயிலும் அணையும் சர்க்கரை ஆலைகளும் எரிபொருளும் மருந்தும் முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சத்துக்குத்தான் மற்றவர்கள் வரிசை. அந்த நாட்டுப் பணமான பிர்ரின் மதிப்பை அரசு பிடித்து வைத்திருந்ததால் டாலர் காகிதத்தில் மலிவு, கையில் கிடைக்காது. 2017 அக்டோபரில் ஒரே நாளில் பதினைந்து சதவீதம் இறக்கினார்கள், அப்போதும் வரிசை குறையவில்லை. காபி ஏற்றுமதியாளர் ஒருவர் சொன்னது எனக்கு முதலில் புரியவே இல்லை. காபியை நஷ்டத்துக்கு விற்கிறோம் என்றார். ஏன் என்றால், காபி விற்றால் டாலர் கைக்கு வரும், அந்த டாலரில் இரும்போ டயரோ கொண்டுவந்து விற்றால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கிடைக்கும். உலகத்தின் நல்ல காபி விளைகிற மண்ணில், காபிக்கொட்டை டாலர் வாங்கும் டோக்கனாக மாறியிருந்தது.

யூனிட் போடலாமா என்று கேட்பவர்களுக்கு இதனால்தான் முதல் கேள்வியை மாற்றச் சொல்கிறேன். வரி விலக்கு எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள், அதை எந்த நாடும் கொடுக்கும். உங்களுக்குப் பெட்டி கொடுப்பவர், டீசல் கொடுப்பவர், மெஷினுக்கு பெல்ட் விற்பவர், இவர்களுக்கு டாலர் எத்தனை மாதத்தில் கிடைக்கிறது என்று அந்த ஊர்க் கடைவீதியில் போய் விசாரியுங்கள். மூன்று கடை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அலமாரி காலியாக இருந்தால் மத்தியான விமானத்தில் திரும்பி வந்துவிடலாம், அல்லது ஒரு வருடத்துக்கான ஊசி, லூப்பர், பெல்ட், எண்ணெய் எல்லாவற்றையும் மெஷினோடு சேர்த்து கன்டெய்னரில் ஏற்றிக்கொண்டு போகத் தயாராக வேண்டும். நாங்கள் இரண்டாவது வருடத்தில்தான் அதைச் செய்தோம். முதல் வருடம் ஓவர்லாக் லூப்பர் உடைந்து ஐந்து மெஷின் பத்து நாள் சும்மா நின்றது. ஊரிலிருந்து லீவு முடிந்து வந்த பையன் புது லூப்பரைச் சட்டைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தான்.

அடுத்தது சம்பளம். இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு மனசு கனக்கிறது.

நான் இருந்த காலத்தில் எத்தியோப்பியாவில் தனியார் துறைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பார்க்கில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு மாதம் 750 பிர் அளவில்தான் ஆரம்பம். அன்றைய மதிப்பில் 26, 27 டாலர். திருப்பூரில் ஒரு டெய்லர் நாலைந்து ஷிப்டில் வாங்கும் கூலி. "உலகத்திலேயே மலிவான உழைப்பு" என்று முதலீட்டாளர்களிடம் சொல்லித்தான் அழைத்தார்கள். போர்டு மீட்டிங்கில் அந்த எண்ணைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

முதல் வருடத்தில் வந்து போனவர்களை எண்ணினால், எங்கள் மொத்த ஆட்களும் ஒரு தடவை மாறிவிட்டார்கள். திங்கட்கிழமை முப்பது பேர் சேருவார்கள், வெள்ளிக்கிழமை இருபது பேர் இருப்பார்கள். சொல்லிக்கொண்டும் போவதில்லை. சோம்பேறிகள், தொழிற்சாலை ஒழுங்கு தெரியாதவர்கள் என்று எங்களைப் போல வெளியிலிருந்து போனவர்கள் பேசிக்கொண்டோம். அது தப்பு என்று எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

எங்கள் லைனில் ஒரு பெண், ஹவாசாவைச் சுற்றியுள்ள சிடாமாப் பகுதிக் கிராமத்துப் பிள்ளை, இருபது வயது இருக்கும். கழுத்து ரிப், அதாவது டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டி, ஏற்றுவதில் அவ்வளவு சுத்தம். ஆறு மாதத்தில் சூப்பர்வைசர் ஆக்கினோம். என்னை "காஷே" என்று கூப்பிடுவாள், வயதில் மூத்த ஆண்களை மரியாதையாக அழைக்கும் சொல். அவளும் வேலையை விடுகிறேன் என்றதும் பதறிப்போய், எச்.ஆர். அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவள் தங்கியிருந்த அறைக்குப் போனேன்.

பத்துக்குப் பத்து இருக்கும். மண்ணும் வைக்கோலும் பூசிய சுவர், மேலே தகரம். நாலு பேர் அங்கே. தரையில் இரண்டு மெத்தை, நாலு பேரும் அதில்தான். மூலையில் கரி அடுப்பு, ஒரு மஞ்சள் குடம், ஆணியில் எங்கள் கம்பெனி யூனிஃபார்ம் நாலு வரிசையாகத் தொங்குகிறது. வாடகை 1,000 பிர். பார்க் வருவதற்கு முன்னால் இதே அறை 300 பிர் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். தண்ணீர் வாரத்தில் மூன்று நாள். இரவு ஷிப்ட் முடிந்து பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து அறை வரை இருபது நிமிடம் இருட்டில் நடக்க வேண்டும், அந்த மாதத்தில் மட்டும் கூட இருந்த பிள்ளைகளில் இரண்டு பேரிடம் போனைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த அறையில் அவ்வளவு கஷ்டத்திலும் எங்களுக்காகப் பச்சைக் காபிக்கொட்டையை வறுத்து, இடித்து, மூன்று சுற்று காபி கொடுத்தார்கள். மூன்றும் குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களின் மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வாடகையில் கால் பங்கு, இன்ஜெராவும் (அவர்கள் ஊர்த் தோசை) ஷிரோவும் (கடலைமாவுக் குழம்பு) வாங்க, கரி, சோப்பு, போன். சம்பள நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே காசு தீர்ந்து, ஊரிலிருந்து அப்பா மாவு கொடுத்தனுப்புகிறார். வேலைக்கு வந்த மகள் வீட்டுக்குப் பணம் அனுப்பவில்லை, வீடு மகளுக்கு அனுப்புகிறது. கிராமத்தில் சோற்றுக்குப் பஞ்சம் இல்லை. காபி அறுவடை வந்தால் அங்கே கூலியும் உண்டு. அவள் ஏன் இருக்க வேண்டும்?

அன்றைக்குத்தான் மலிவான உழைப்பு என்ற கணக்கு எனக்குள் உடைந்தது. புதிதாக வந்த பிள்ளை ஓரளவு வேகம் பிடிக்க மூன்று மாதம் வேண்டும், மூன்று மாதத்துக்குள் அவள் போய்விடுகிறாள். எங்கள் லைன் எஃபிஷியன்ஸி, அதாவது கணக்குப்படி தைக்க வேண்டியதில் எவ்வளவு தைக்கிறோம் என்ற அளவு, முப்பது சதவீதத்தைத் தாண்டவே இல்லை, இதே ஸ்டைலை திருப்பூரில் நான் அறுபதுக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை ரிஜெக்ட்டிலும், டிரெயினிங்கிலும், விமானக் கூலியிலும் கொட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த மூன்று மாதத்தில் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன், வேலைக்குப் போகிற தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்குக்கு நடந்து போகும் தூரத்தில் வீடுகளை கம்பெனியே வாடகைக்கு எடுத்து பிள்ளைகளைத் தங்க வைத்தது. காலை, மதியம் இரண்டு வேளைச் சாப்பாடு. அங்கே புதன், வெள்ளி, அப்புறம் ஈஸ்டருக்கு முன்னால் ஐம்பத்தைந்து நாள், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு நோன்பு, பால், முட்டை, கறி எதுவும் கிடையாது. சமையலறை இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பிள்ளைகள் தட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். ஆரம்பச் சம்பளத்தை ஏற்றி, தவறாமல் வருபவர்களுக்கு மேல்தொகை வைத்தோம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, லைனில் சத்தம் போடுவதை நிறுத்தியது. நம்ம ஊரில் சூப்பர்வைசர் கத்துவது வாய்ப்பாடு மாதிரி, டெய்லரும் திருப்பிக் கத்துவார், சாயங்காலம் சேர்ந்து டீ குடிப்பார்கள். அங்கே எல்லோர் முன்னாலும் குரலை உயர்த்துவது அவமானப்படுத்துவது. நான் முதல் மூன்று மாதம் கத்தினேன். இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது, அவர்கள் திரும்பி வரவில்லை. இந்திய, இலங்கை சூப்பர்வைசர்களைப் பின்னால் நகர்த்தி, அந்தந்த ஊர்ப் பெண்களையே லைன் பார்க்க வைத்ததும், ஒரு வருடத்தில் எஃபிஷியன்ஸி நாற்பத்தைந்தைத் தொட்டது.

இந்த இடத்தில் அரசாங்கத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷெட் கட்ட ஒன்பது மாதம் எடுத்துக்கொண்ட வேகத்தில் பாதியை அந்தப் பிள்ளைகள் தங்குவதற்கு வீடு கட்டுவதில் காட்டியிருந்தால் அந்தப் பார்க்கின் கதையே வேறு. அறுபதாயிரம் பேர் வேலைக்கு வருவார்கள் என்று திட்டமிட்டவர்கள், அந்த அறுபதாயிரம் பேர் இரவில் எங்கே படுப்பார்கள் என்று வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். மத்திய அரசு ஷெட் கட்டியது, நிலமும் தண்ணீரும் நகராட்சியின் பொறுப்பு, வாடகை யாருடைய பொறுப்பும் இல்லை. 2019-ல் வந்த தொழிலாளர் சட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒரு வாரியம் அமைக்கப்படும் என்று எழுதினார்கள். நான் கிளம்பும் வரை எந்த எண்ணும் அறிவிக்கப்படவில்லை.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் போகிறவர்களுக்குப் பணம் மிச்சம் பிடிக்கும். அங்கே கடிகாரம் காலை ஆறு மணியிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறது. லாரி டிரைவர் "இரண்டு மணிக்கு வருகிறேன்" என்றால் காலை எட்டு. வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், வருடக் கணக்கு நம்மை விட ஏழெட்டு வருடம் பின்னால். அரசின் நிதியாண்டு ஜூலை 8-ல் தொடங்கும். எந்தத் தேதியையும் நேரத்தையும் பேசும்போது, உங்கள் கணக்கா எங்கள் கணக்கா என்று கேட்டுவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாடு அமைதியாக இருந்திருந்தால் மெதுவாக எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் இன்றும் நம்புகிறேன். இருக்கவில்லை. 2018 ஏப்ரலில் அபிய் அஹ்மத் பிரதமரானபோது ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடியது, எங்கள் பிள்ளைகள் அவர் படத்தை மெஷினில் ஒட்டி வைத்திருந்தார்கள். 2019 ஜூலையில் சிடாமாவுக்குத் தனி மாநிலம் கேட்டு ஹவாசாவில் கலவரம், உயிர்கள் போயின. அந்த நவம்பரில் வாக்கெடுப்பு நடந்து அடுத்த வருடம் தனி மாநிலம் ஆனது. 2020 ஜூன் கடைசியில் ஓரோமோ இனப் பாடகர் ஹசாலு ஹுண்டெஸ்ஸா சுட்டுக் கொல்லப்பட்டதும் நாடு முழுவதும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். மூன்று வாரம் போல. பையர் அப்ரூவல், பேக்கிங் லிஸ்ட், கப்பல் புக்கிங் எல்லாம் மெயிலில்தான். போன் மட்டும் பேசியது. கோயம்புத்தூரில் இருக்கும் மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு போன் போட்டு, ஒவ்வொரு பெட்டியின் நம்பர், சைஸ், எண்ணிக்கையை நான் வாயால் சொல்ல அவர் அங்கே டைப் செய்தார். 412 பெட்டி. தொண்டை கட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எந்த ஆர்டரிலும் பத்து நாள் கூடுதலாக வைத்துத்தான் தேதி கொடுத்தோம். கொடுத்த தேதியை நாடு காப்பாற்றாது என்றால் நாம்தான் இடைவெளி வைத்துக்கொள்ள வேண்டும்.

2020 நவம்பரில் வடக்கே டிக்ரே மாநிலத்தில் போர் தொடங்கியது. ஹவாசா தெற்கே இருக்கிறது, குண்டுச் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் வடக்கே தம்பி இருக்கிறான், அக்கா இருக்கிறாள் என்று சில பிள்ளைகள் மாதக்கணக்கில் செய்தி தெரியாமல் மெஷினில் உட்கார்ந்து தைத்தார்கள். அவர்களிடம் டார்கெட் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் போரின் விலை எங்கள் ஆலைக்கு வாஷிங்டனிலிருந்து வந்தது. ஆப்பிரிக்க நாடுகளின் சரக்கை வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் விடும் அகோவா சட்டம்தான் பார்க்கின் உயிர்நாடியாக இருந்தது. சலுகை இல்லாத நாட்டு பருத்தி டி-ஷர்ட்டுக்கு அப்போது அமெரிக்காவில் 16.5 சதவீத வரி இருந்தது, எத்தியோப்பியாவுக்கு ஒன்றும் இருக்கவில்லை. 2021 நவம்பர் 2-ம் தேதி, மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி, அடுத்த ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை எத்தியோப்பியாவுக்குக் கிடையாது என்று அமெரிக்கா அறிவித்தது. அந்த மாதமே பிவிஹெச் தன் ஆலையை மூடுவதாகச் சொன்னது. எங்கள் பையரிடமிருந்து வந்த மெயில் நாலே வரி. அடுத்த சீசன் ஆர்டர் இல்லை.

பார்க்கில் அப்போது முப்பதாயிரத்துக்கும் மேல் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் இருபதை ஒட்டிய பெண்கள். போருக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போரை நடத்தியவர்கள் யாரும் அந்தத் தண்டனையில் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட இழக்கவில்லை, கழுத்து ரிப் ஏற்றுகிற பிள்ளைகள் இழந்தார்கள். எனக்கு இதில் இரண்டு பக்கத்தின் மேலும் கோபம் உண்டு, இன்றும் ஆறவில்லை. ஒரே நாட்டுச் சந்தையை, அதுவும் ஒரே ஒரு சலுகையை நம்பி ஆலை போட்டது எங்கள் தப்பு. ஐரோப்பாவுக்கும் அந்தச் சரக்கு வரியில்லாமல் போயிருக்கும். ஆரம்பத்திலேயே மூன்றில் ஒரு பங்கை அங்கே பழக்கியிருந்தால் பாதி லைன்களையாவது காப்பாற்றியிருக்கலாம். எங்கே யூனிட் போட்டாலும் சலுகை நாளைக்கே போனால் இந்த சட்டை எந்த விலைக்கு நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிற்காது என்றால் அங்கே ஆயிரம் பெண்களை ஊரை விட்டு வரச் சொல்லாதீர்கள்.

2022 பிப்ரவரியில் அணையின் முதல் டர்பைன் ஓட ஆரம்பித்தது. மறுநாள் ஆலையில் மிச்சமிருந்தவர்கள் காபி போட்டு, பாப்கார்ன் பொரித்து, கைதட்டிக் கொண்டாடினார்கள். நாங்கள் அந்த வாரம்தான் பதினோரு லைனை மூன்றாகக் குறைத்திருந்தோம். மார்ச்சில் நான் கிளம்பினேன்.

அப்புறம் நடந்ததை இங்கிருந்துதான் பார்த்தேன். 2023 டிசம்பரில் வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்கு 3.3 கோடி டாலர் வட்டி கட்ட முடியாமல் அந்த நாடு தவறியது. 2024 ஜூலை 29-ம் தேதி பிர் மதிப்பைச் சந்தையிடமே விட்டுவிட்டார்கள், ஐ.எம்.எஃப். 340 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது. 57 பிர்ராக இருந்த டாலர் சில வாரங்களில் நூறைத் தாண்டியது. நான் அங்கே இருந்தபோது எல்லோரும் எதிர்பார்த்துப் பயந்த விஷயம் இதுதான். பத்து வருடம் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருந்தால் அந்த அட்டைப்பெட்டிக்காரரின் இரண்டாவது மெஷின் தார்ப்பாய்க்குள் கிடந்திருக்காது, சாப்பாட்டுச் சாமான் விலையும் ஒரேயடியாக ஏறியிருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் சூப்பர்வைசர் பிள்ளை டெலிகிராமில் அவ்வப்போது செய்தி போடுவாள். ஆலை ஆட்குறைப்பு செய்தபோது கிடைத்த பணத்தில் பழைய மெஷின் இரண்டு வாங்கி, ஹவாசா சந்தைக்குப் பக்கத்தில் பள்ளி யூனிஃபார்ம் தைக்கிறாள். கூட இரண்டு பேர், அந்த அறையில் இருந்தவர்கள்தான். போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினாள், ஓவர்லாக் ஊசிப் பாக்கெட்டின் படம், மேலே விலைச் சீட்டு. கடையில் இப்போது ஊசி இருக்கிறது காஷே, ஆனால் விலை இரண்டு மடங்கு, திருப்பூரில் எவ்வளவு என்று கேட்டிருந்தாள். காதர்பேட்டையில் விசாரித்துச் சொன்னேன். அடுத்த வாரம் அடிஸ் போகிற ஒரு தம்பியிடம் இருபது பாக்கெட் கொடுத்தனுப்புகிறேன், கூடவே நாலு லூப்பரும்.